கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தைச் சோதிக்கும் மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

கதிர்ச்சிகிச்சை இயந்திரங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்கு வேண்டாம் என்பவர்கள் இரண்டாவது பதிலைத் தாண்டிப் போகலாம். ஆனால் அதிகம் பிழை நேரும் இடம் அதுதான்.

கேள்வி: அம்மாவுக்குக் கதிர்ச்சிகிச்சை நடக்கிறது. காலையிலேயே போய் நின்றாலும் "மெசினைச் செக் பண்ணுகினம், கொஞ்சம் இருங்கோ" என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அப்படி என்னத்தைப் பார்க்கிறார்கள்? கொம்பியூட்டர் தானாகவே பார்த்துக்கொள்ளாதா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: இயந்திரம் தன்னைத்தானே அளந்துகொண்டுதான் இருக்கிறது. லினாக்கின் (கதிரை உண்டாக்கும் நேரியல் முடுக்கி இயந்திரத்தின்) தலைப்பகுதிக்குள் இரண்டு அயனாக்க அறைகள் உண்டு. கதிர் எவ்வளவு போகிறது என்று எண்ணி, சொன்ன அளவு வந்ததும் கதிரை நிறுத்துவது அவைதான். சிக்கல் என்னவென்றால், அந்த அறைகளே மெல்ல விலகிப்போனால் இயந்திரம் 100 என்று காட்டிக்கொண்டு 103 கொடுக்கும். அதன் திரையில் எந்தப் பிழையும் தெரியாது. ஆகவே வெளியிலிருந்து இன்னொரு கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் முதலில் லேசர்கள். அம்மாவின் தோலில் போட்டிருக்கும் புள்ளிகளுடன் பொருத்துகிறார்களே, அதே சிவப்பு அல்லது பச்சைக் கோடுகள்தான். சாதாரண சிகிச்சைக்கு 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகக் கூடாது. கதிரின் செறிவை மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி முறைக்கு 1.5, மூளைக்குள் சிறு கட்டியைக் குறிவைக்கும் சிகிச்சைக்கு 1 மில்லிமீற்றர். பிறகு தூரங்காட்டி, கதிர்ப்புல அளவு, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா, உள்ளே இருப்பவரைப் பார்க்கவும் பேசவும் முடிகிறதா என்பவை. கடைசியாக ஒரு தட்டையான உணரிப் பலகையைக் கட்டிலில் வைத்து, வழக்கமாக 100 மொனிற்றர் யூனிற் (இயந்திரம் கதிரை எண்ணும் அலகு) கொடுத்து, அளவை மென்பொருள் அடிப்படை அளவோடு ஒப்பிடும். 3 வீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்த எல்லைகள் அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2009 இல் வெளியிட்ட டிஜி-142 அறிக்கையில் உள்ளவை. மாதச் சோதனையில் 2 வீதம், வருடச் சோதனையில் 1 வீதம் என்று அதே அறிக்கை எல்லையை இறுக்குகிறது.

3.4 வீதம் காட்டினால் உடனே இயந்திரம் பழுது என்று அர்த்தமில்லை. பலகை ஒரு சென்ரிமீற்றர் உயரமாக வைக்கப்பட்டிருந்தாலே 2 வீதம் கூடும். ஆகவே திரும்ப வைத்து ஒருதரம் பார்ப்பார்கள். அப்போதும் அதேதான் என்றால் பௌதிகவியலாளர் வந்து வேறு சேம்பரால், அதாவது தனியான அயனாக்க அறையால், அளப்பார். அதுவரை ஒரு நோயாளியும் உள்ளே போகமாட்டார். நீங்கள் காத்திருக்கும் நேரம் அதற்குத்தான் போகிறது.

கேள்வி: லினாக்கின் வெளியீட்டை எக்செல் தாளில் கணக்கிடுவதாகப் படித்தேன். இவ்வளவு சின்னக் கணக்குக்குத் தனி மென்பொருள் எதற்கு? பெருக்கல் வகுத்தல்தானே?
– பௌதிகவியல் மாணவர், கொக்குவில்

பதில்: பெருக்கல் வகுத்தல்தான். பிழை அங்கே வருவதில்லை. உள்ளே போடும் எண்ணில் வருகிறது. வெப்பநிலை–அமுக்கத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

0.6 கன சென்ரிமீற்றர் பாமர் சேம்பர் வெளிக்காற்றுக்குத் திறந்தது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், வாசிப்பும் குறையும். அமுக்கம் குறைந்தாலும் அப்படியே. திருத்தக் காரணி: (273.2 + வெப்பநிலை) ஐ (273.2 + நியம வெப்பநிலை) ஆல் வகுத்து, 101.325 ஐ அன்றைய அமுக்கத்தால் வகுத்து வருவதோடு பெருக்க வேண்டும். 24.0 பாகை செல்சியஸ், 100.6 கிலோபஸ்கால் என்றால்: 297.2 ÷ 293.2 = 1.0136, 101.325 ÷ 100.6 = 1.0072, பெருக்கினால் 1.021. இதைக் கையால் ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

முதல் பொறி நியம வெப்பநிலை, அதாவது சேம்பரின் அளவுத்திருத்தம் எந்த வெப்பநிலைக்குரியதோ அது. வட அமெரிக்காவின் டிஜி-51 முறையில் அது 22 பாகை. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் டிஆர்எஸ்-398 வழி போகிறவர்களின் சேம்பர் சான்றிதழில் பெரும்பாலும் 20 பாகை இருக்கும். இணையத்தில் கிடைத்த தாளில் 22 ஐ மாற்றாமல் விட்டால் மேலே வந்த 1.021 என்பது 1.014 ஆகும். 0.7 வீதம் போயிற்று. எச்சரிக்கை ஒன்றும் வராது.

இரண்டாவது தண்ணீர். கூரைத் தாங்கியில் நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீரைப் பான்டத்தில் (அளவெடுக்கும் தொட்டியில்) நிரப்பிவிட்டு, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து 22 என்று எழுதினால், உள்ளே தண்ணீர் 27 இல் இருக்கலாம். சேம்பருக்குள் இருக்கும் காற்று தண்ணீரின் வெப்பநிலையைத்தான் எடுக்கும், அறையினதை அல்ல. ஒரு பாகைக்கு 0.34 வீதம் என்றால் ஐந்து பாகைக்கு 1.7 வீதம். யாழ்ப்பாணத்தில் இதை முதல்நாளே நிரப்பி, குளிரூட்டியை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் தண்ணீருக்குள் வெப்பமானியை இறக்கி அளப்பதுதான் வழி. இரவில் மின்சாரம் போயிருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். ஆவியாவதால் தண்ணீர் அறையைவிடச் சற்றுக் குளிர்ந்து நிற்பது இயல்பு, அது பிழையல்ல. சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வேலை முடிந்ததும் பான்டத்தை வடித்துத் துடைத்துவிடுங்கள். படிவு பிடித்தால் உள்ளே எதையும் நேராக நிறுத்திப் பார்க்க முடியாது.

மூன்றாவது அமுக்கம். கைப்பேசியின் வானிலைச் செயலியும் விமான நிலைய அறிக்கையும் தருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அமுக்கம். நமது ஊர் கடலோடு ஒட்டிக் கிடப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், பிழை தெரியாது. அதே பழக்கத்தோடு ஒருவர் மாற்றலாகி, சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டிக்குப் போனால் 5 வீதத்துக்கும் மேல் தவறும்.

கவனியுங்கள், மூன்று பிழையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. மூன்றிலும் திருத்தக் காரணி குறைகிறது, கணக்கில் கதிரளவு குறைவாகத் தெரிகிறது. பௌதிகவியலாளர் இயந்திரத்தின் வெளியீட்டைக் கூட்டிவிடுவார். நோயாளிக்குக் கூடுதலாகப் போகும். முதல் இரண்டு மட்டும் சேர்ந்தாலே 2.4 வீதம், மாத எல்லையைத் தாண்டிவிட்டது.

நல்ல மென்பொருள் செய்வது இதுதான்: நியம வெப்பநிலையைச் சான்றிதழிலிருந்து ஒருதரம் பதிந்து பூட்டிவிடும். அமுக்கத்துக்கு அந்த இடத்துக்குரிய எல்லை வைத்து, அதற்கு வெளியே எதைப் போட்டாலும் ஏற்காது. போன மாத வெப்பநிலை பெட்டிக்குள் தங்கியிருக்க விடாது. யார், எப்போது, எந்தச் சேம்பரால் அளந்தார் என்பதை அழிக்க முடியாமல் வைத்திருக்கும். எக்செல்லில் யாரோ அவசரத்தில் சூத்திரத்துக்கு மேலே ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் அடுத்த ஆறு மாதமும் அதே எண்தான் வரும். எக்செல்தான் கைவசம் இருக்கிறது என்றால் உள்ளீட்டுப் பெட்டிகளைத் தவிர மற்றவற்றைப் பூட்டுங்கள். மேலே உள்ள உதாரணத்தைத் தாளின் மூலையிலேயே நிரந்தரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் 1.021 வருகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் வெளியார் ஒருவரின் அளவு வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலில் அளவுமானிகளை அனுப்பி, கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லிச் சோதிக்கின்றன. 5 வீதத்துக்குள் இருந்தால் ஏற்பார்கள்.

கேள்வி: கோபால்ட் இயந்திரத்தில் மின்னணுச் சிக்கல் ஒன்றும் இல்லை, கதிர் தானாகவே வருகிறது. அதற்கும் மென்பொருள் வேண்டுமா?
– இளைப்பாறிய ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: வேண்டும் ஐயா, திகதிக்காக. கோபால்ட்-60 இன் அரைவாழ்வு 5.27 வருடம். மாதம் சுமார் 1.1 வீதம் குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரம் கூட வேண்டும். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை இந்தத் தேய்வைப் பிழையாக வரைந்து, உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்துவிட்டதாக எடுத்து, 426 பேருக்குக் கூடுதல் கதிர் கொடுத்துவிட்டார்கள். 22 மாதம் ஒருவரும் நேரடியாக அளந்து பார்க்கவில்லை.

இன்றைய வடிவம் வேறு. நாம் 05/11 என்று எழுதினால் நவம்பர் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு அது மே 11. ஆறு மாத வித்தியாசம், கதிரளவில் 6 வீதத்துக்கும் மேல். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதும் மென்பொருளே நல்லது. மாதம் ஒருமுறை சேம்பரால் அளந்து, தேய்வுக் கணக்கு சொல்லும் எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பைலினாக் இலவசமாகக் கிடைக்கிறது. எம்எல்சி தகடுகளின் (கதிர்ப்புலத்துக்கு வடிவம் கொடுக்கும் நகரும் தகடுகள்) படத்தைக் கொடுத்தால் சில விநாடியில் அறிக்கை வருகிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைப் போல இதை நம்பலாமா?
– மருத்துவ பௌதிகவியல் பயிலுநர், நல்லூர்

பதில்: விலையை வைத்து நம்பிக்கையை அளக்க வேண்டாம். பைலினாக் பைதனில் எழுதிய திறந்த மூல நூலகம்; எப்படிக் கணக்கிடுகிறது என்று வரிவரியாக வாசிக்கலாம். பணம் கொடுத்து வாங்கியதில் அது முடியாது. ஆனால் இரண்டையுமே உங்கள் இயந்திரத்தில், உங்கள் படங்களில் சோதித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரே வழி, வேண்டுமென்றே பிழை செய்து காட்டுவது.

பிக்கெற் பென்ஸ் சோதனையில் தகடுகள் வரிசையாக ஒடுங்கிய பட்டைகளை வரைகின்றன. முதலில் பிழையில்லாத ஒரு படம் எடுங்கள். பிறகு திட்டக் கோப்பில் ஒரே ஒரு தகட்டை 1 மில்லிமீற்றர் தள்ளி இன்னொன்று. அடுத்தது 0.5 மில்லிமீற்றர். மென்பொருள் சரியான தகட்டு எண்ணையும் சரியான பக்கத்தையும் சொல்கிறதா? வேரியன் நிறுவனத்தின் மில்லேனியம் 120 தகட்டுத் தொகுதியில் நடுவில் 40 சோடி 5 மில்லிமீற்றர் அகலம், ஓரங்களில் 20 சோடி 10 மில்லிமீற்றர். எலெக்டா நிறுவனத்தின் அஜிலிற்றியில் 80 சோடியும் 5 மில்லிமீற்றர். வகையை மாற்றிக் கொடுத்துவிட்டால் 23 ஆம் தகட்டின் பழுதை 33 ஆம் தகட்டின் மேல் போடும். பொறியியலாளர் நல்ல மோட்டரைக் கழற்றுவார்.

அளவுகோலையும் பாருங்கள். ஏஎஸ்1000 என்ற படமெடுக்கும் பலகையில் ஒரு படப்புள்ளி 0.392 மில்லிமீற்றர். பலகை கதிர் மூலத்திலிருந்து 150 சென்ரிமீற்றரில் இருந்தால், 100 சென்ரிமீற்றரில் உள்ள சமமையத் தளத்தில் (இயந்திரம் சுற்றும் மையம்) அது 0.261. இந்தத் தூரத்தை மென்பொருள் டைகொம் (மருத்துவப் பட வடிவம்) கோப்பின் தலைப்பிலிருந்து எடுக்கிறது. டிஃப் வடிவத்தில் சேமித்தால் தலைப்பு இல்லை, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டாலோ 100 என்று கொடுத்தாலோ எல்லா விலகலும் ஒன்றரை மடங்காகும்.

இதைவிட முக்கியமான ஒன்று கையேட்டை அவசரமாக வாசிப்பவர்களுக்குத் தப்பிவிடும். பைலினாக் தகடுகளின் இடங்களிலிருந்தே பட்டைக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, ஒவ்வொரு தகடும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறது. ஆகவே எல்லாத் தகடும் சேர்ந்து 1 மில்லிமீற்றர் ஒரே பக்கம் போயிருந்தால் கோடும் கூடவே போகும், அறிக்கை பச்சையாக வரும். இதைப் பிடிக்க கொலிமேற்றரை (தகடுகள் பொருத்திய சுழலும் தலையை) 180 பாகை திருப்பி இன்னொரு படம் எடுங்கள். தகட்டு வரிசையின் விலகல் திசை மாறும். பலகை தொங்குவதால் வரும் விலகல் மாறாது. இரண்டையும் கழித்தால் எது எவ்வளவு என்று பிரியும்.

வின்ஸ்டன்–லற்ஸ் சோதனையில் சிறு உலோகக் குண்டைச் சமமையத்தில் வைத்து 0, 90, 180, 270 பாகையில் படம் எடுக்கிறோம். இங்கே குண்டைக் கட்டிலின் நுண்திருகால் இடப்பக்கம் 1 மில்லிமீற்றர் தள்ளிவிட்டு மென்பொருள் எந்தப் பக்கம் திருத்தச் சொல்கிறது என்று பாருங்கள். கட்டில் கோணத்தை வேரியன் அளவுத்திட்டத்திலும் ஐஇசி 61217 திட்டத்திலும் வேறுவேறு மாதிரி எண்ணுவார்கள். பழைய எலெக்டா படங்களின் தலைப்பில் கோணமே இராது. அப்போது கோப்பின் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்துத் தவறினால் முடிவும் தவறும்.

இப்படி எடுத்த படங்களை ஓர் அடைவில் போட்டு, வந்த எண்களோடு பூட்டி வையுங்கள். பைலினாக்கின் புதிய பதிப்பு வந்ததும் அதே படங்களைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். எண் மாறியிருந்தால் ஏன் என்று தெரியும்வரை பழைய பதிப்பிலேயே இருங்கள்.

கேள்வி: அப்பாவின் கோப்பில் "காமா 97.8 வீதம், பாஸ்" என்று இருந்தது. மிச்சம் 2.2 வீதம் என்னாயிற்று?
– வாசகர், கோப்பாய்

பதில்: அப்பாவுக்குக் கதிர் குறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல, பயப்பட வேண்டாம். சிகிச்சைக்கு முன் அவருடைய திட்டத்தை உணரிப் பலகையில் ஓட்டி, கணக்கிட்டதோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறார்கள். கதிரளவில் 3 வீதம், இடத்தில் 2 மில்லிமீற்றர் என்ற கூட்டு எல்லைக்குள் வந்த புள்ளிகள் 97.8 வீதம்; இந்த ஒப்பீட்டின் பெயர்தான் காமா. 2018 இல் வந்த டிஜி-218 அறிக்கைப்படி 95 க்கு மேல் நல்லது, 90 க்குக் கீழே போனால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

இதே பக்கத்தை வாசிக்கும் பயிலுநர்களுக்கு ஒரு வார்த்தை: உச்சக் கதிரளவின் 10 வீதத்துக்குக் கீழே உள்ள புள்ளிகளை விலக்கும் தெரிவை யாராவது 0 ஆக்கிவிட்டால் கதிரே படாத வெற்றிடமும் பாஸாகி வீதம் உயர்ந்துவிடும். தவறிய புள்ளிகள் எங்கே கூடி நிற்கின்றன என்ற படத்தைப் பார்க்காமல் வீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். முள்ளந்தண்டு வடத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் இருபது புள்ளிகள், படம் முழுக்கச் சிதறிய இருநூறைவிட மோசம்.

கேள்வி: சோதனைப் பதிவு மென்பொருளில் அடிக்கடி மஞ்சள் வருகிறது. அடிப்படை அளவைப் புதிதாகப் பதிந்தால் பச்சையாகிவிடும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– தொழில்நுட்பப் பயிலுநர், சாவகச்சேரி

பதில்: செய்யக் கூடாது. கியூஏட்ராக் பிளஸ் போன்ற பதிவு மென்பொருளில் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அடிப்படை எண், ஓர் எச்சரிக்கை எல்லை, ஒரு நடவடிக்கை எல்லை உண்டு. மாதம் 0.3 வீதம் மெல்ல ஏறும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு மாதமும் அடிப்படையை மாற்றினால் எட்டு மாதத்தில் 2.4 வீதம் போயிருக்கும், ஒருநாளும் மஞ்சள்கூட வராது. புது லினாக்குகளில் வெளியீடு இப்படி மெல்ல ஏறுவது தெரிந்த சங்கதி. தண்ணீர்ப் பான்டத்தில் முழு அளவுத்திருத்தம் செய்து முடித்த பிறகே, காரணத்தை எழுதி, இரண்டு பேர் ஒப்பமிட்டு அடிப்படையை மாற்ற வேண்டும். ஒரு வருட வரைபடத்தைத் திறந்து பாருங்கள்; மஞ்சள் ஏன் வருகிறது என்று கோட்டின் சாய்வே சொல்லும்.

பழுது பார்த்த பிறகு இயந்திரத்தைத் திரும்பப் பாவனைக்கு விடுவதும் இதே பதிவுக்குள்தான் நடக்க வேண்டும். 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசாவில் லினாக் ஒன்றைத் திருத்தினார்கள். எந்தச் சக்தியைத் தெரிந்தாலும் மானி 36 என்றே காட்டியது. முள் இறுகிவிட்டது என்று எண்ணிச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். முள் சரி, கதிர்தான் பிழை. பௌதிகவியலாளருக்கு அறிவிக்கவில்லை, அளக்கவில்லை. 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். எந்தப் பாகத்தை மாற்றினால் எந்தச் சோதனை முடியாமல் பூட்டுத் திறக்காது என்பதை மென்பொருளில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். இந்தத் துறைக்கு நாங்கள் ஏதாவது எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இயந்திரத்தை இயக்கும் பக்கம் போக வேண்டாம். 1985 முதல் 1987 வரை தெரக்-25 என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தில் நடந்த ஆறு விபத்துகளையும் முதலில் படியுங்கள். இயக்குநர் வேகமாகத் திருத்தித் தட்டினால் இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்தும் பிழை மென்பொருளில் இருந்தது. அந்தப் பிழை முந்தைய தெரக்-20 இலும் இருந்ததுதான். அதில் மென்பொருளைச் சாராத வன்பொருள் பாதுகாப்பு இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 25 இல் அதை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள். மருத்துவ மென்பொருளுக்கான ஐஇசி 62304 நியமம் கேட்கும் பதிவுகளை வைத்திருக்க ஆளும் நேரமும் வேண்டும்.

பதிவுப் பக்கத்தில் வேலை நிறைய இருக்கிறது. கியூஏட்ராக் பிளஸ் திறந்த மூலம், பைதனிலும் ஜாங்கோவிலும் எழுதியது, வைத்தியசாலைக்குள்ளேயே ஒரு சேர்வரில் ஓடும். இணையம் போனாலும் நிற்காது. புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட அதை நிறுவி, சோதனைப் பட்டியல்களை அந்த இயந்திரத்துக்கேற்ப அமைத்து, உள்ளீட்டுப் பெட்டிகளுக்கு எல்லை போட்டு, படங்களைத் தானாகப் பைலினாக்குக்கு அனுப்பும் இணைப்பை எழுதிக் கொடுங்கள். சேர்வருக்கு யூபிஎஸ் கட்டாயம். அதன் மின்கலம் குறைந்ததும் தரவுத்தளம் ஒழுங்காக மூடும்படி அமையுங்கள். ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்தின் பிரதி வேறு கட்டடத்தில் உள்ள கணினிக்குப் போக வேண்டும். இணைத்த படக் கோப்புகள் தரவுத்தளத்துக்கு வெளியே தனி அடைவில் கிடக்கும், அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அந்தப் பிரதியை வெறும் கணினியொன்றில் மீட்டு, போன வாரத்து வெளியீட்டு எண் அச்சிட்ட தாளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பௌதிகவியலாளரையே பார்க்கச் சொல்லுங்கள்.